நகத்தளவு மின்சாரம்

"நகத்தளவுப் பரப்பைச் சுத்தம் செய்வதில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நான் ஏழு வருஷமாக ஒரு அழகு நிலையத்தில் நகம் வெட்டி, ராவி, பூச்சுப் பூசிக்கொண்டிருந்தவள். என்னை நினைத்தே எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று விண்ணப்பித்தேன். அந்த வேலைக்கு வந்த ஒரே விண்ணப்பம் என்னுடையதுதான் என்று பிறகு தெரிந்தது.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார், "நகத்தளவுன்னா எந்த விரல்?"

"சுண்டுவிரல் சார்" என்றேன், வாய்க்கு வந்ததை.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாக அவர்களுக்குள் தீராமல் கிடந்த சந்தேகமாம். வேலை அங்கேயே கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம், நிரந்தரமானால் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த வீடுதான். சரியாகச் சொன்னால் வீடுகூட இல்லை, ஒரு தாழ்ப்பாள். கல்யாணமாகி நாலு வருஷமாக என் கணவரின் அண்ணன் வீட்டில், இரண்டு அறையில் ஒன்பது பேராக இருந்தோம். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. அதன் வெளியே எந்நேரமும் யாராவது துண்டோடு நின்று தட்டிக்கொண்டிருப்பார்கள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்குள் தனியாக ஏதாவது பேச வேண்டுமானால் அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு நான் போவேன். லிஃப்டை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நிறுத்துவார். எங்கள் சண்டையும் சமாதானமும் அங்கேதான் நடக்கும். மேலேயும் கீழேயும் ஜனங்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

நான் சேர்ந்த இடத்துக்குப் பெயர் ஒளிச்செறிவு மின்னாக்க ஆணையம். விஷயம் என்னவோ எளிமையானதுதான். வெயிலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, ஆயிரம் மடங்காகக் குவித்து, ஒரே புள்ளியில் விழ வைக்க வேண்டும். அந்தப் புள்ளியில் ஒரு சூரிய மின்கலம் உட்கார்ந்திருக்கும். சுண்டுவிரல் நகத்தளவு, கருநீல நிறம், மேலே மயிரிழை மாதிரி வெள்ளிக் கோடுகள். அதைச் சில்லு என்பார்கள். மற்ற இடங்களில் ஒரு மேசை நிறையத் தகடு பரப்பி எடுக்கிற மின்சாரத்தை இந்தச் சில்லு ஒண்டியாகக் கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை, கிண்ணம் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒளி சில்லில் விழாமல் பக்கத்துக் கம்பியில் விழுந்துவிடும்.

ஆணையத்தில் ஒரு கிண்ணம், ஒரு சில்லு, மூன்று கட்டடங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கிண்ணம் ஒரு பெரிய தாம்பாளத்தின் அகலம்தான். பார்க்கிறவர்கள் குறைத்து நினைத்துவிடக் கூடாது என்று அதை இருபதடி உயரக் கான்கிரீட் கம்பத்தின் உச்சியில் வைத்திருந்தார்கள்.

நான் சேர்ந்த அன்று ஆணையர் அம்மா எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். "உலகத்துல மத்தவங்க ஆயிரக்கணக்குல சில்லு வச்சிருக்காங்க. பார்த்துக்க நாலே பேர். அதுக்குப் பேரு செறிவா? நாம ஒரே ஒரு சில்லு மேல இருநூத்திப் பன்னெண்டு பேரோட கவனத்தைக் குவிக்கிறோம். இன்னைக்கு இந்தப் பொண்ணோட சேர்த்து இருநூத்திப் பதிமூணு. நம்ம செறிவு வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கிண்ணம் இஷ்டத்துக்குத் திரும்பிவிட முடியாது. சூரியன் எங்கே இருக்கிறது என்பதைச் சூரியப் பிரிவு முதலில் சான்றளிக்க வேண்டும். சூரியப் பிரிவு நடுக்கட்டடத்தில் ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. அதன் கண்காணிப்பாளருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் நிழல் சார். அவர் சூரியனை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. முற்றத்தில் ஒரு குச்சி நட்டு அதன் நிழலைத்தான் அளப்பார்.

"மேலதிகாரியை யாராவது முகத்துக்கு நேரா முறைச்சுப் பார்ப்பாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

நிழலை அளந்ததும், "சூரியன் இன்ன இடத்தில் இருப்பதாகத் தெரிய வருகிறது; ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று ஒரு ஃபைல் கிளம்பும். மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை, ஒரு பதிவெண். எல்லாம் முடிந்து கிண்ணப் பிரிவுக்கு வந்து சேர மிகச் சரியாக நாற்பது நிமிஷம் ஆகும். அதற்கப்புறம் ஃபைலில் கண்ட இடத்தை நோக்கிக் கிண்ணத்தைத் திருப்புவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இது நடந்தது.

"நாற்பது நிமிஷத்துல சூரியன் நகர்ந்து போயிருக்குமே சார்?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

"போகட்டும். அனுமதி வாங்காத இடத்துக்குச் சூரியன் போனா அதுக்கு நாம எப்படிம்மா பொறுப்பாக முடியும்?" என்றார் நிழல் சார்.

கம்பத்தில் சாட்சி விளக்கு என்று ஒரு பல்பு உண்டு. சில்லிலிருந்து நேராக அதற்கு ஒயர் போயிருந்தது. சில்லில் மின்சாரம் வந்தால் அது எரிந்து சாட்சி சொல்லும். ஒன்பது வருஷமாக அது எரிந்து யாரும் பார்த்ததில்லை. பல்பு ஃபியூஸ் என்று எழுதி மாற்றுவார்கள், புதியதும் எரியாது, அதுவும் ஃபியூஸ் என்று எழுதுவார்கள். நான் சேர்ந்தபோது பதினோராவது பல்பு இருந்தது.

ஆனால் உற்பத்தியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாசல் காவலாளி அண்ணனின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் இருந்தது. அது இரவு பகலாக ஓடியது. அதில் ஏறுவதைத்தான் ஆணையத்தின் உற்பத்தி என்று மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பினார்கள். கோடையில் இன்னும் வேகமாக ஏறும். "வெயில் காலம் இல்லையா?" என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆணையர் அம்மாவின் அறையில் இரண்டு ஏசி புதிதாக மாட்டிய வருஷம் உற்பத்தி அப்படி எகிறி, ஆணையத்துக்கு ஒரு கேடயமே கிடைத்ததாம்.

என் வேலை திங்கட்கிழமை காலையில் அரைமணி நேரம். கம்பத்தின் படியேறி, இடுக்கியால் சில்லைக் கழற்றி, என் அறைக்குக் கொண்டு வந்து, பஞ்சால் துடைத்து, திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். வாரத்தின் மிச்ச நேரமெல்லாம் சும்மா இருந்தேன். என் பழைய தொழில் எப்படியோ வெளியே தெரிந்து போயிற்று. முதலில் தட்டச்சர் ஒருத்தி வந்தாள். அப்புறம் அவளுடைய மேலதிகாரி. மூன்றாவது மாதம் என் அறை வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நிழல் சார்கூட ஒரு நாள் கால் கட்டைவிரலோடு வந்துவிட்டுப் போனார்.

என் வருஷம் முடிகிற வாரத்தில் ஆய்வுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. புதன்கிழமை ஆய்வு. திங்கட்கிழமை நான் சில்லைத் துடைத்து மேசையில் ஒரு தட்டில் வைத்திருந்த நேரத்தில் ஆணையர் அம்மா ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே வந்து, பத்து விரலையும் என் முன்னால் நீட்டினார்.

"புதன்கிழமை எல்லார் கண்ணும் என் கை மேலதான் இருக்கும். நீலக் கல் வச்சு விடு. சீக்கிரம்."

நகத்தில் ஒட்டுகிற கருநீல மினுக்குக் கல் என்னிடம் பத்து இருந்தது. ஒன்பதை ஒட்டிவிட்டேன். பத்தாவதைக் காணவில்லை. அவர் ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டே சுண்டுவிரலை ஆட்டினார். பதற்றத்தில் கைக்குப் பட்டதை எடுத்து, பசை தடவி ஒட்டி, மேலே பூச்சும் கொடுத்து அனுப்பிவிட்டேன். கம்பத்துக்குக் கிளம்பலாம் என்று திரும்பினால் தட்டு காலியாக இருந்தது. பத்தாவது கல் என் முழங்கைக்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஒன்பது வருஷமாக இருநூறு பேர் கட்டிக் காத்த சில்லு ஆணையர் அம்மாவின் இடதுகைச் சுண்டுவிரலில் போய்க்கொண்டிருந்தது. தாழ்ப்பாளும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

இரவெல்லாம் புரண்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை நிழல் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"சில்லைக் காணோம் சார்."

அவர் பதறவில்லை. காவலாளிக் கூண்டுக்கு ஃபோன் போட்டு, "மீட்டர் ஓடுதாப்பா?" என்று கேட்டார். நேற்றைவிட வேகமாக ஓடுவதாகப் பதில் வந்தது. ஆய்வுக்காகக் கட்டடம் முழுக்கச் சர விளக்கு போட்டிருந்தார்கள்.

"உற்பத்தி கூடியிருக்கு. அப்புறம் எப்படிச் சில்லு காணாமப் போகும்?"

"அது ஆணையர் அம்மா விரல்ல இருக்கு சார்."

நிழல் சார் எழுந்து கதவைச் சாத்தினார். அலமாரியைத் திறந்து ஒரு கட்டு ஃபாரம் எடுத்துப் போட்டார். "இதோ பாரு. சில்லு அழுக்கானா நீல ஃபாரம். கீறல் விழுந்தா மஞ்சள். உடைஞ்சா சிவப்பு. காணாமப் போனா ஃபாரமே கிடையாது. ஃபாரம் இல்லாத தப்பை நீ எப்படிம்மா செஞ்சிருக்க முடியும்? போய் வேலையைப் பாரு."

நேராக ஆணையர் அம்மாவிடமே போனேன். கண்ணாடி முன் நின்று மறுநாள் பேச்சுக்குக் கையை வீசிப் பழகிக்கொண்டிருந்தார். வீசுகிற போதெல்லாம் சுண்டுவிரல் பளிச்சென்றது.

"அம்மா, உங்க சுண்டுவிரல்..."

"நானே சொல்லணும்னு இருந்தேன். மத்த ஒன்பதும் சும்மா. இது ஒண்ணுதான் கல்லு மாதிரி இருக்கு. புதன்கிழமை மேடையிலேயே உனக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லியிருக்கேன், சந்தோஷமா?"

சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாவி என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் லிஃப்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மீட்டர் எங்க மாட்டியிருக்கு?"

"வாசல்ல. ரோட்டுக் கம்பத்துலேர்ந்து தடிமனா ஒரு ஒயர் உள்ள வருமே, அதுல."

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். லிஃப்ட் லேசாக ஆடியது. "அது வெளியிலேர்ந்து உள்ள வர்ற லைன். நீங்க எவ்வளவு செலவு பண்றீங்கன்னுதான் அந்த மீட்டர் எண்ணுது. உங்க ஆபீசுல ஒன்பது வருஷமா ஃபேனும் ஏசியும் ஓட்டி ஓட்டி அதை உற்பத்தின்னு எழுதியிருக்காங்க."

"கேடயம்கூட கொடுத்தாங்களே."

"கொடுத்தவங்க அதுக்கு மேல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பேசாம இரு. சில்லு இருந்தாலும் இல்லேன்னாலும் அங்க ஒரு மண்ணும் மாறாது. சாவியை வாங்கு."

புதன்கிழமை ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் கையில் பெரிய பூதக்கண்ணாடி இருந்தது. கம்பத்தின் மேலேறி, சில்லு இருக்க வேண்டிய குழியைப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். கீழே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சில்லு எங்க இருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"நீங்க பார்த்துட்டிருக்கிற இடத்துலதான் சார்" என்றார் நிழல் சார். "ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

தலைவர் ஃபைலைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் ஏறிப் பார்த்தார்கள். இல்லை என்று முதலில் சொல்ல மூன்று பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் தலைவர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். "இருபத்தஞ்சு வருஷமா ஆய்வு பண்றேன். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு பொருளைச் சுத்தமா வச்சிருக்கறதை இப்பதான்மா பார்க்கிறேன்."

மேடையில் சாவியைக் கொடுத்தார்கள். வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். அதோடு விழா முடிந்திருந்தால் இந்தக் கதையும் முடிந்திருக்கும். ஆனால் பாராட்டு ஆணையர் அம்மாவின் தலைக்கேறிவிட்டது.

"இந்த மாச உற்பத்தி வரலாறு காணாதது" என்று மைக்கில் முழங்கினார். "இவ்வளவு தயாரிக்கிற நமக்கு வெளியிலேர்ந்து எதுக்கு ஒரு லைன்? யாரோட தயவும் நமக்கு வேண்டாம். வெளி லைனை இப்பவே துண்டிக்கறோம்!"

நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். "அம்மா, வேண்டாம்மா. அதை மட்டும் பண்ணாதீங்க."

"உட்காரும்மா, சாவிதான் கிடைச்சிடுச்சே" என்று நிழல் சார் பல்லைக் கடித்தார்.

மணி பதினொன்று. பத்து இருபதுக்கான சான்றின்படி கிண்ணத்தை அப்போதுதான் திருப்பி முடித்திருந்தார்கள். ஆணையர் அம்மா நீல விரலை உயர்த்தினார். வாசலில் காவலாளி அண்ணன் பிடியை இழுத்தார். மின்விசிறிகள் யோசித்து யோசித்து நின்றன. சர விளக்குகள் அணைந்தன. மைக் செத்துப் போயிற்று. ஆணையர் அம்மாவின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. மீட்டர் நின்றது. ஆய்வுக் குழுத் தலைவர் குறிப்பேட்டில் "மீட்டர் பழுது" என்று எழுதிக்கொண்டு மற்ற இரண்டு பேரோடும் காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு எனக்கு ஆள் வந்தது. ஆணையர் அம்மா வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு மேலிடத்துல போய் நிக்கணும். இந்த நிலைமையில நீல நகத்தோடவா போறது? எல்லாத்தையும் எடு. பார்த்தா பரிதாபமா இருக்கணும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக யாருக்கும் நகப்பூச்சை எடுத்ததில்லை. சுண்டுவிரலைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். சில்லு கீறல் இல்லாமல் கழன்று வந்தது. பஞ்சில் சுற்றிக்கொண்டு கம்பத்துக்கு ஓடினேன். கிண்ணம் மின்சாரம் இல்லாமல், திருப்பிவிட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. சில்லைக் குழியில் பொருத்தி, துடைத்து, மறுபடி ஒரு தரம் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் நானும் என் கணவரும் எங்கள் வீட்டைப் பார்க்கப் போனோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, கம்பத்தைப் பார்த்த ஜன்னல். கரண்ட் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டோம். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. போட்டுவிட்டு இருவரும் முழித்துக்கொண்டு நின்றோம். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

"மூணாவது மாடின்னு நினைச்சுக்கோ" என்றார் அவர். அப்புறம்தான் பேச்சு வந்தது.

வியாழக்கிழமை காலை அறைகளுக்குள் உட்கார முடியவில்லை. புழுக்கம். இருநூற்றுப் பதிமூன்று பேரும் முற்றத்துக்கு வந்து, காகிதத்தால் விசிறிக்கொண்டு நின்றார்கள். மேலிடம் புறப்பட்ட ஆணையர் அம்மாவும் கார் வரும்வரை அங்கேயே நின்றார். மணி பத்து இருபது ஆனது. கிண்ணத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி பளீரென்று தெரிந்தது. கம்பத்து விளக்கு எரிந்தது.

பட்டப்பகலில் ஒரு சாதாரண பல்பு எரிவதை இத்தனை பேர் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. தட்டச்சர் அழுதாள். கிண்ணப் பிரிவில் ஒன்பது வருஷ சர்வீஸ் ஆன பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "எரியுதும்மா, நிஜமாவே எரியுதும்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

நிழல் சார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இந்த இடத்துல சூரியன் இருக்கறதுக்கு அனுமதியே கொடுக்கலையே" என்றார்.

கைதட்டல் நின்றது. இரண்டாவது நிமிஷ முடிவில் விளக்கும் அணைந்தது. ஆணையர் அம்மா விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணை முடியும்வரை என் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மெமோ அரைமணியில் வந்தது. "இன்று முற்பகல் 10.20 முதல் 10.22 வரை உரிய அனுமதியின்றி மின்சாரம் தயாரிக்கப்பட்டது குறித்துத் தாங்கள் விளக்கமளிக்க வேண்டும்." நான் எழுதிக் கொடுத்தேன்: "சில்லைத் துடைத்து வைத்தது நான். கிண்ணம் சும்மா நின்றது. நேற்று பத்து இருபதுக்குச் சூரியன் எங்கே இருந்ததோ, இன்று பத்து இருபதுக்கும் அங்கேயே வந்துவிட்டது."

வெள்ளிக்கிழமை காலை மேகமாக இருந்ததால் விளக்கு எரியவில்லை. மத்தியானம் விசாரணை. சாட்சியாகக் காவலாளி அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் ஒன்பது வருஷத்து நோட்டுகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்த விளக்கு எரிஞ்சு இதுக்கு முன்னாடி பார்த்திருக்கியா?" என்று ஆணையர் அம்மா கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எரியும்மா. மழை மேகம் இருந்தா எரியாது. யாரோ சனிக்கிழமை அணைக்காமப் போயிடறாங்கன்னு நானும் எழுதிட்டுத்தான் இருக்கேன்." ஒரு நோட்டைப் பிரித்து வாசித்தார். "ஞாயிறு. மாலை நாலு இருபது. கம்பத்து விளக்கு இரண்டு நிமிடம் வீணாக எரிந்தது. யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள்." அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதிலும் அதேதான். ஒவ்வொன்றுக்கும் கீழே, "இனி ஊழியர்கள் கவனமாக இருக்கவும்" என்று நிழல் சாரின் கையெழுத்து இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு, நாலு இருபதுக்கான சான்றின்படி கிண்ணத்தைத் திருப்பிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் யாரும் வந்து அதைத் தொடமாட்டார்கள். நாலு இருபதுக்குச் சூரியன் தன்பாட்டுக்கு வந்து கிண்ணத்தில் விழுந்துவிட்டுப் போயிருக்கிறது. இதை நான் விளக்கிச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். இவர்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

ஆணையர் அம்மா எழுந்தார். "இது ரொம்ப வருத்தமான விஷயம். நாம இத்தனை பேர் உயிரைக் கொடுத்து உழைக்கிற ஆறு நாளும் எரியாத விளக்கு, ஆளே இல்லாத நாள்ல எரியுதுன்னா என்ன அர்த்தம்? நம்மை யாரோ அவமானப்படுத்தறாங்க. ஞாயித்துக்கிழமைகள்ல முறைகேடா நடக்கிற இந்த உற்பத்தியை உடனே தடுத்தாகணும்."

தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. சனிக்கிழமை மாலை கிண்ணத்துக்கு உறை போட்டு மூடுவது. வெளி லைனை, துணை ஏற்பாடு என்ற பெயரில், மறுபடி இணைப்பது. மீட்டர் இனி ஓடும், ஆகவே அதன் பழுது நீங்கியது.

"என் வீடும்மா?" என்று கேட்டேன்.

"அனுமதியில்லாம மின்சாரம் எடுத்திருக்கே. குற்றம் நிரூபணம் ஆகியிருக்கு. எப்படிம்மா கொடுக்கறது?"

கண்ணில் நீர் முட்டியது. தாழ்ப்பாளின் சத்தம் காதில் கேட்டது. அப்போது ஜன்னல் வழியாக வாசல் மீட்டர் தெரிந்தது. லைனை இணைத்துவிட்டார்கள், அது குதித்துக் குதித்து ஓட ஆரம்பித்திருந்தது. என் கணவர் லிஃப்டில் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

"அம்மா, குவார்ட்டர்ஸ்ல பதினாறு வீடு பூட்டிக் கிடக்கு" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதுக்கெல்லாம் கரண்ட் நம்ம மீட்டர் வழியாத்தான் போகுது. பதினாறு வீட்டுலயும் ஆள் இருந்து, ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் ஓடினா, நம்ம உற்பத்தி எங்கயோ போயிடுமே. எதுக்கும்மா வீணாப் பூட்டி வைக்கணும்?"

ஆணையர் அம்மா என்னைப் பார்த்தார், நிழல் சாரைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. "இத்தனை வருஷமா இது ஏன் யாருக்கும் தோணலை?"

நாலு மணிக்குள் பதினாறு வீட்டுக்கும் ஆள் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு உற்பத்திக் குடும்பங்கள் என்று பெயர். பகலிலும் விளக்கை அணைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை. தட்டச்சரின் கைக்குழந்தைக்குக்கூட ஒரு ஃபேன் கொடுத்தார்கள். எனக்குச் சாவியோடு நிரந்தர ஆணையும், கம்பத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் ஒரு கூடுதல் பொறுப்பும் வந்தது. சனிக்கிழமை மாலை கிண்ணத்துக்கு உறை கட்டுவது.

உறை வந்தது. தாம்பாளத்து அகலக் கிண்ணத்துக்கு ஒரு லாரியை மூடுகிற அளவுக்குத் தார்ப்பாய். எட்டாக மடித்துக் கட்டி, "கட்டப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டேன். அன்று போட்டுக்கொண்டு தூங்கிய தாழ்ப்பாளைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று ஃபேன், அதில் ஒன்று ஆளில்லாத அறையில். நான் சமையலறை ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரம் பூராவும் எரியாமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டே நிமிஷம் வந்து போன அந்த வெளிச்சத்தை நான் கையால் கட்டி மூடியிருக்கிறேன். வீடு கிடைத்த சந்தோஷத்தில் அது ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு எழுந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன்.

"சுற்றறிக்கை?" என்றார் என் கணவர்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றேன். "வாங்க, முடிச்சை அவிழ்க்க ஒரு ஆள் வேணும்."

கம்பத்தின் மேலே இருவரும் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினோம். பஞ்சு கொண்டு போயிருந்தேன்; சில்லை ஒரு தரம் துடைத்தேன். மூன்று கட்டடமும் பூட்டிக் கிடந்தன. நாலு இருபது ஆனதும் விளக்கு எரிந்தது. வெயிலில் அதன் வெளிச்சம் தனியாகத் தெரியவில்லை. கையை அருகில் வைத்தால் சூடு தெரிந்தது. என் கணவரும் தன் கையை வைத்துப் பார்த்தார். சுற்றிலும் யாரும் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

கீழே காவலாளி அண்ணன் நோட்டோடு வந்து அண்ணாந்து நின்றார்.

"ஏம்மா, நீங்கதானா?" என்றார். வெகுநேரம் விளக்கையே பார்த்தார். அது அணைகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "இதுக்கு நான் என்னன்னு எழுதறது?"

"வழக்கமா எழுதறதையே எழுதுங்கண்ணே."

அவர் தலையாட்டிவிட்டு, நோட்டை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஞாயிறு. மாலை நாலு இருபது. யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள்."